80 சதவீதத்தில் நிறுத்தச் சொல்வது ஏன்? லித்தியம் பேட்டரி தேய்வதன் காரணமும் கணக்கும்

புதிய போன்களின் அமைப்புகளில் ‘சார்ஜ் வரம்பு 80%’ என்று ஒரு தெரிவு இருக்கிறது. ஐபோனில் 2023-இல் 15 வரிசையோடு வந்தது. சாம்சங், பிக்சல் போன்களிலும் உண்டு. மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போனால் ஒருவர் “தினமும் ஃபுல் சார்ஜ் போடுங்க” என்கிறார், இன்னொருவர் “80-ஐத் தாண்ட விடாதீங்க” என்கிறார். வீட்டுப் பெரியவர்களோ “முழுசா இறங்கட்டும், அப்புறம் போடு” என்கிறார்கள். ஒன்றுக்கொன்று முரணான இந்த மூன்று அறிவுரைகளும் ஏதோ ஒரு பேட்டரிக்குச் சரியானவைதான். நம் கையில் இருப்பது எந்த பேட்டரி என்று தெரியாததால்தான் குழப்பம்.

பெரியவர்கள் சொல்வது நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கு உரியது. பழைய கார்ட்லெஸ் போன்களிலும் தொடக்ககால செல்போன்களிலும் இருந்தது அதுதான். பாதியில் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பாதியோடு அது நின்றுபோகும். சோனி நிறுவனம் 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனி பேட்டரிக்கு அந்தக் குறை கிடையாது. முழுதாக இறக்கிவிட்டு ஏற்றுவது இதற்குக் கெடுதல். எப்படிக் கெடுதல் என்று புரிய பேட்டரிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

## பேட்டரிக்குள் இருப்பவை

பேட்டரியின் அடிப்படை அலகுக்கு செல் என்று பெயர். ஒரு செல்லுக்குள் நான்கு முக்கியப் பொருள்கள் உண்டு. எதிர்முனையில் கிராஃபைட், நேர்முனையில் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு, இரண்டும் ஒட்டிவிடாமல் நடுவில் நுண்துளைகள் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றையும் நனைத்து நிற்கும் மின்பகுளி என்ற திரவம். இந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும்.

கிராஃபைட்டின் அமைப்பு அடுக்கிக் கட்டிய ஓலைச்சுவடி போன்றது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி, திரவத்தைக் கடந்து, இந்த ஏடுகளுக்கு நடுவே நுழைந்து உட்காருகின்றன. போனைப் பயன்படுத்தும்போது வந்த வழியே திரும்பிப் போகின்றன. ஏடுகள் நிறைய நிறைய கிராஃபைட் உப்பும். முழுதாக நிறைந்தால் அதன் பருமன் சுமார் 10 சதவீதம் கூடும்.

எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை மின்னழுத்தம் காட்டும். வழக்கமான செல் முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட். இன்றைய பல போன்களில் அது 4.4 வோல்ட்டை ஒட்டி இருக்கிறது. திரையில் ‘0%’ வரும்போதும் செல்லில் 3 வோல்ட்டுக்கு மேல் மிச்சம் இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் செல் கெடும் என்பதால் போன் முன்கூட்டியே அணைந்துவிடுகிறது.

சார்ஜர் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதலில் மின்னோட்டத்தை மாறாமல் வைத்து வேகமாக ஏற்றும். செல் தன் உச்ச மின்னழுத்தத்தைத் தொட்டதும், அந்த அழுத்தத்தை அப்படியே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும். 20-இலிருந்து 80 வரை விறுவிறுவென ஏறும் போன் கடைசி 20 சதவீதத்துக்கு இழுத்தடிப்பது இதனால்தான். அந்தக் கடைசி நேரம் முழுவதும் செல் உச்ச அழுத்தத்திலேயே நிற்கிறது.

## தேய்மானம் எங்கே நடக்கிறது

1. எதிர்முனைப் படலம். தொழிற்சாலையில் முதல் முறை சார்ஜ் ஏற்றும்போதே கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. கிராஃபைட்டோடு திரவம் நேரடியாக வினைபுரியாமல் காப்பது இதுதான். ஆனால் இது வளர்வது நிற்பதே இல்லை, மெதுவாகத் தடித்துக்கொண்டே போகிறது. அதற்குத் தேவையான லித்தியத்தை பேட்டரியின் கையிருப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. படலத்தில் சிக்கிய லித்தியம் திரும்பக் கிடைக்காது. பேட்டரியின் கொள்ளளவு குறைவதில் பெரும்பங்கு இந்த இழப்புக்கே. செல் நிறைந்து நிற்கும்போதும் சூடாக இருக்கும்போதும் படலம் வேகமாக வளரும்.

2. நேர்முனைச் சிதைவு. உயர்ந்த மின்னழுத்தத்தில் நேர்முனைப் பரப்பில் திரவம் ஆக்சிஜனேற்றம் அடைந்து வாயு உண்டாகிறது. பழைய போனின் பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்பது இந்த வாயுவால்.

3. உலோகப் படிவு. ஏடுகளுக்குள் நுழைய அயனிகளுக்குச் சற்று நேரம் வேண்டும். சார்ஜ் மிக வேகமாக ஏறினாலும், செல் குளிர்ந்திருந்தாலும் உள்ளே போக முடியாத லித்தியம் வெளிப்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிவு ஊசி போல வளர்ந்து நடுத்தாளைக் குத்தினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது என்பது இதற்காக. சென்னையில் இந்தக் கவலை வேண்டாம். டொரன்டோ குளிர்காலத்தில் வெளியே கிடந்த போனையோ மின்சார சைக்கிள் பேட்டரியையோ வீட்டுக்குள் கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிளக்கில் மாட்ட வேண்டும்.

4. விரிசல். ஒவ்வொரு முறையும் உப்பிச் சுருங்குவதால் முனைகளில் உள்ள துகள்கள் விரிகின்றன. முழுதாக நிறைத்து முழுதாகக் காலி செய்தால் விரிசல் அதிகம். 40-க்கும் 70-க்கும் இடையே ஏறி இறங்கினால் மிகக் குறைவு.

இவற்றில் முதல் இரண்டும் பேட்டரியைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் நடக்கும். அலமாரியில் கிடக்கும் போனுக்கும் வயதாகிறது. அதனால் எத்தனை முறை சார்ஜ் போட்டோம் என்று எண்ணுவதைவிட, எவ்வளவு நேரம் நிறைந்த நிலையில், எந்தச் சூட்டில் கிடந்தது என்று கவனிப்பதே பயன் தரும். இந்தக் கட்டுரையில் இனி வரும் ஒவ்வொரு யோசனையும் இதிலிருந்து பிறப்பதுதான்.

## ‘ஒரு சுழற்சி’ என்பதன் பொருள்

பிளக்கில் மாட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சுழற்சி கழிவதாகப் பலர் நினைக்கிறார்கள். இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்தே ஒரு சுழற்சி. ஒரு நாளில் நான்கு முறை 15 சதவீதம் ஏற்றினாலும் அது ஒரு சுழற்சிக்கும் குறைவே. ஆகவே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் போடுவதில் தவறே இல்லை. பேட்டரிக்கு அது இதமானதும்கூட.

நிறுவனங்கள் ஆயுளைச் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். ஐபோன் 14 வரையிலான போன்களில் 500 சுழற்சிக்குப் பிறகும், 15 முதல் 1000 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களின் பேட்டரி 800 சுழற்சிக்குப் பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும் என்பது விதி.

## 80-க்குக் காரணமான கணக்கு

4.2 வோல்ட் வரை ஏற்றி இறக்கும் சாதாரண செல் சுமார் 300 முதல் 500 முழுச் சுழற்சி தாங்கும் என்பது துறையில் நெடுநாளாகப் புழங்கும் பொதுக் கணக்கு. உச்சத்தை 4.1 வோல்ட்டாகக் குறைத்தால் கொள்ளளவில் பத்து சதவீதம் போல இழப்போம், ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 4.0 வோல்ட்டில் நிறுத்தினால் இன்னொரு மடங்கு நீளும். புதிய செல்களில் அடிப்படை எண்கள் உயர்ந்திருந்தாலும் போக்கு இதேதான். போனில் 80 என்று வரம்பு வைப்பது இந்தச் சிறு மின்னழுத்தக் குறைப்புக்காகத்தான்.

அப்படியானால் எல்லோரும் 80-இல் நிறுத்த வேண்டுமா? அப்படிச் சொல்ல முடியாது. நாள் முழுதும் மேசையருகே சார்ஜர் வைத்திருப்பவருக்கு இந்த வரம்பால் எந்த நஷ்டமும் இல்லை, கட்டாயம் வைக்கலாம். காலை முதல் இரவு வரை சாலையிலேயே இருக்கும் டெலிவரி ஊழியருக்கு அந்த 20 சதவீதம் அன்றைய வேலைக்கே வேண்டியது. அவர் 100 வரை ஏற்றட்டும். ஏற்றிய கையோடு கிளம்பிவிட்டால் பேட்டரி உச்சத்தில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. 100-ஐத் தொடுவதால் வரும் கேடு சிறிது, இரவு பதினொன்றுக்கே தொட்டுவிட்டுக் காலை ஏழு வரை அங்கேயே நிற்பதால் வருவது பெரிது. புயல் எச்சரிக்கை வந்தால் யோசிக்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் தவித்தன. அப்படிப்பட்ட நாளில் போனும் பவர் பேங்கும் முழுதாக நிறைந்திருப்பதே முக்கியம்.

வரம்பு 80 என்று வைத்தும் சில நாள் போன் 100 வரை ஏறுவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அது கோளாறு இல்லை. மிச்சம் எவ்வளவு என்று சரியாகக் கணிக்க, ஐபோன் அவ்வப்போது தானாகவே முழுதாக ஏற்றிக்கொள்ளும்.

## சூடு

வேதிவினைகளின் வேகம் 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். பேட்டரிக்குள் நடக்கும் வேண்டாத வினைகளுக்கும் அது பொருந்தும். நேர்முனையில் கோபால்ட் கொண்ட செல்களை ஓராண்டு சும்மா வைத்திருந்தால் மிஞ்சும் கொள்ளளவு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

- 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜோடு: 96 சதவீதம்
- 25 டிகிரியில், முழு சார்ஜோடு: 80 சதவீதம்
- 40 டிகிரியில், 40 சதவீத சார்ஜோடு: 85 சதவீதம்
- 40 டிகிரியில், முழு சார்ஜோடு: 65 சதவீதம்

முதல் வரியையும் கடைசி வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே செல், ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. சூடும் நிறைவும் சேர்ந்ததும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. சென்னையிலும் வேலூரிலும் திருச்சியிலும் மே மாதம் 40 டிகிரி என்பது வெளிக்காற்றின் சூடு மட்டுமே. வெயிலில் நிறுத்திய காருக்குள் அது 60 டிகிரியைத் தாண்டும். போனைப் பயன்படுத்த 0 முதல் 35 டிகிரி வரை உகந்தது என்று ஆப்பிள் வரம்பு சொல்கிறது. நம் கோடை அந்த வரம்புக்கு வெளியே இருக்கிறது. நம் ஊரில் சார்ஜ் வரம்பைவிடச் சூட்டைக் கவனிப்பது முதல் வேலை.

மோசமான சூழல் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், பைக் கைப்பிடியில் மாட்டிய போன்: மேலே வெயில், திரை முழு வெளிச்சத்தில், வழிகாட்டும் செயலி ஓடிக்கொண்டிருக்கிறது, கூடவே பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏறுகிறது. நான்கு பக்கமும் சூடு. இதைத் தவிர்க்க முடியாதவர்கள் கிளம்பும் முன்பே சார்ஜ் ஏற்றிக்கொண்டு, வெயிலில் ஓடும் நேரத்தில் ஒயரைக் கழற்றிவிடலாம். நிழலில் நிற்கும் பத்து நிமிடத்தில் மீண்டும் போட்டுக்கொள்ளலாம். தடித்த உறையைக் கழற்றுவதும் உதவும்.

தலையணைக்கு அடியிலோ மெத்தை மேலோ சார்ஜ் போடுவதைக் கைவிட வேண்டும். ஒயர் இல்லாத சார்ஜிங்கில் மின்சாரத்தில் ஒரு பகுதி சூடாகவே வீணாகிறது, அதனால் ஃபேன் காற்று படும் இடத்தில் வைப்பது நல்லது.

வேகச் சார்ஜிங் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 5000 எம்ஏஎச் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 19 வாட்-மணி. அதில் 67 வாட் சார்ஜரை மாட்டினால், உச்ச வேகத்தில் தன் கொள்ளளவைப் போல மூன்றரை மடங்கு வேகத்தில் மின்சாரம் நுழைகிறது. போன் இதைச் சில நிமிடங்களுக்கு மட்டுமே அனுமதித்து, சூடு ஏறியதும் குறைத்துவிடும். அவசரத்துக்கு அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. இரவெல்லாம் நேரம் இருக்கும்போது 67 வாட் எதற்கு? பழைய 10 வாட் சார்ஜர் போதும். பல ஆண்ட்ராய்டு போன்களில் வேகச் சார்ஜிங்கை அணைக்கவும் வழி உண்டு.

## எப்போதும் பிளக்கில் இருக்கும் லேப்டாப்

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் லேப்டாப் மாதக்கணக்கில் 100 சதவீதத்தில், செயலியின் சூட்டுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. மேலே உள்ள பட்டியலின் கடைசி வரி இதுதான். சுழற்சி எண்ணிக்கை 40-ஐக்கூடத் தொடாத லேப்டாப் பேட்டரி இரண்டு ஆண்டில் உப்பிப்போவதற்கும் இதுவே காரணம். லெனோவோ, ஏசுஸ், டெல் எல்லாவற்றிலும் சார்ஜை 60 அல்லது 80-இல் நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. நிறுவனத்தின் செயலியிலோ, கணினி தொடங்கும்போது வரும் பயோஸ் திரையிலோ தேடினால் கிடைக்கும். பெரும்பாலும் பிளக்கிலேயே இருக்கும் கணினிக்கு 60, அவ்வப்போது வெளியே எடுத்துச் செல்வதற்கு 80 என்று வைக்கலாம்.

## ஸ்கூட்டரும் காரும்

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகும் ஸ்கூட்டர்களை இன்று தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். வாங்கியதும் தெரிந்துகொள்ள வேண்டியது, பேட்டரி எந்த வகை என்பது. நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் கொண்ட என்எம்சி ஒன்று, லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் என்ற எல்எஃப்பி இன்னொன்று. இரண்டுக்கும் பழக்கம் வேறு.

விவரச்சீட்டில் வகை இல்லாவிட்டால் மின்னழுத்தத்தைப் பார்த்தே ஊகிக்கலாம். எல்எஃப்பி செல்லின் சராசரி அழுத்தம் 3.2 வோல்ட். அதனால் 12.8, 25.6, 51.2 என்ற எண்கள் எல்எஃப்பியைக் காட்டும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வரும் லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலும் இந்த எண்களே இருக்கும். என்எம்சி செல் 3.6 அல்லது 3.7 வோல்ட் என்பதால் 50.4, 51.8 போன்ற எண்கள் வரும்.

என்எம்சி பேட்டரிக்கு:

1. அன்றாடம் 20-க்கும் 80-க்கும் இடையே வைத்திருங்கள். நெடுந்தூரம் போகும் நாளில் மட்டும் 100 வரை, அதுவும் கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்பு முடியும்படி.
2. ஓட்டி வந்ததும் சார்ஜ் போடாதீர்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் நிழலில் ஆறட்டும். வீட்டுச் சார்ஜர் மெதுவானது: 3 கிலோவாட்-மணி பேட்டரிக்கு 750 வாட் என்றால் நான்கு மணி நேரம். அந்த வேகம் செல்லைப் பாதிக்காது. வெயிலில் ஓடி வந்த சூட்டோடு சூடு சேர்வதுதான் பாதிக்கும்.
3. சில வாரங்களுக்கு ஒருமுறை முழுதாக ஏற்றுங்கள். ஸ்கூட்டர் பேட்டரியில் பல செல்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைச் சமப்படுத்தும் சுற்று பெரும்பாலும் சார்ஜ் உச்சத்தை நெருங்கும்போதுதான் வேலை செய்யும். எப்போதுமே 80-இல் நிறுத்தினால் செல்களுக்குள் ஏற்றத்தாழ்வு கூடி, 25 சதவீதம் காட்டிய வண்டி திடீரென நின்றுவிடும்.

எல்எஃப்பிக்கு இந்த 80 கணக்கு அப்படியே பொருந்தாது. அதன் உச்ச அழுத்தமே 3.65 வோல்ட் என்பதால் நேர்முனைச் சிதைவு குறைவு. இன்னொரு சிக்கல் உண்டு: சார்ஜ் 20-இலிருந்து 90 வரை போனாலும் அதன் அழுத்தம் பெரிதாக மாறாது. மின்னழுத்தத்தைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியாமல் வண்டியின் கணினி ஊகத்திலேயே ஓடுகிறது. முழுதாக ஏற்றும்போதுதான் அதன் கணக்கு நேராகும். எல்எஃப்பி பேட்டரி கொண்ட கார்களை வாரம் ஒருமுறையாவது 100 வரை ஏற்றச் சொல்லி டெஸ்லா தன் உரிமையாளர்களுக்கு அறிவுறுத்துவது இதற்காகத்தான். டாடா நெக்ஸான் மின்சாரக் காரிலும் பிஒய்டி கார்களிலும் இருப்பது எல்எஃப்பியே. ஷோரூமில் “ஃபுல் சார்ஜ் போடுங்க” என்று சொன்னவர் இந்த வகையை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

சார்ஜ் போடும் இடம் ஆயுளைவிடப் பெரிய விஷயம். 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, வீட்டில் இருந்த தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு நாடெங்கும் நடந்த தீவிபத்துகளுக்குப் பிறகு, 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டங்களாக, மின்சார வாகன பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஒரு செல்லில் தொடங்கும் வெப்பம் மற்றவற்றுக்குப் பரவுகிறதா என்று சோதிப்பதும் அவற்றில் ஒன்று. விதி வந்தாலும் இடம் நம் கையில்தான். வாசலை மறித்தோ, மாடிப்படிக்குக் கீழேயோ, படுக்கையறைக்கு வெளியிலோ வண்டிக்குச் சார்ஜ் போடக் கூடாது. தீப்பிடித்தால் வெளியேறும் ஒரே வழி அதுவாக இருக்கலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், நில இணைப்பு உள்ள தனிப் பிளக் பாயின்ட் வேண்டும். பிளக் சுட்டால் அந்தப் பாயின்ட்டை எலக்ட்ரீஷியனிடம் காட்டும்வரை பயன்படுத்த வேண்டாம்.

## சார்ஜர் வாங்கும்போது

இந்தியாவில் பவர் அடாப்டருக்கு ஐஎஸ் 13252, லித்தியம் செல்லுக்கும் பேட்டரிக்கும் ஐஎஸ் 16046 என்ற தரநிலைகளின்கீழ் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். பொருளின் மேல் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். ஸ்கூட்டருக்கு அதனுடன் வந்த சார்ஜர் மட்டுமே. முள் பொருந்துகிறது என்பதற்காக வேறு வண்டியின் சார்ஜரை மாட்டுவது ஆபத்தானது: என்எம்சி சார்ஜரின் உச்ச அழுத்தமும் எல்எஃப்பி சார்ஜரின் உச்ச அழுத்தமும் வேறு வேறு.

## பல நாள் பயன்படுத்தாமல் வைக்கும்போது

ஊருக்குப் போகும் முன் போன், லேப்டாப், ஸ்கூட்டர், கேமரா எதுவானாலும் 40 முதல் 60 சதவீதத்தில் அணைத்து, வீட்டின் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து மறுபடி பாதிக்குக் கொண்டுவர வேண்டும். 0-இல் விட்டுப் போனால், உள்ளே இருக்கும் சுற்று உறிஞ்சும் துளி மின்சாரமே செல்லை 2 வோல்ட்டுக்குக் கீழே இழுத்துவிடும். அந்த நிலையில் எதிர்முனையின் செப்புத் தகடு திரவத்தில் கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் போட்டால் கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து ஷார்ட் உண்டாக்கும். இப்படிச் செத்த பேட்டரியை ‘பூஸ்ட்’ கொடுத்து உயிர்ப்பிக்கிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

## உப்பிய பேட்டரி

மூடி தூக்கி நிற்பது, திரையின் ஓரம் விலகுவது, லேப்டாப்பின் தொடுபலகை அழுத்தினால் சிக்குவது ஆகியவை உப்பலின் அடையாளங்கள். உடனே சார்ஜரைக் கழற்றி, கருவியை அணைத்து, துணியோ காகிதமோ அருகில் இல்லாத சிமென்ட் தரையில் வையுங்கள். அழுத்தி மூடப் பார்க்கக் கூடாது, குத்திக் காற்றை இறக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் வைப்பதும் பயனற்றது. சேவை மையத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். குப்பை லாரியில் நசுங்கினால் அங்கேயே பற்றிக்கொள்ளும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. கொண்டுபோகும் முன் முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மற்ற உலோகப் பொருள்களோடு உரசாமல் தனிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.